விறகு கேட்கும் எஞ்சின்

“மரத்துல செஞ்ச ரயிலு விறகு திங்குமா, தாத்தா?”

இரண்டு வருடத்துக்கு முன்னால், தம்போய் ஊரில் ஒரு மழைநாள் மதியத்தில் ஆறு வயது லோஷினி கேட்ட கேள்வி அது. அவளுடைய தாத்தா திருச்செல்வம் வீட்டு முன்கொட்டகையில் இருந்த காரை வெளியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கை நீளத்துக்கு வளர்ந்திருந்த மர எஞ்சினுக்கு நெருப்புப் பெட்டியின் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தார். தபால்தலை அளவுக் கதவு. அதற்கு இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள்.

“ஏன் திங்காது? குடுத்தா திங்கும்,” என்றார் திருச்செல்வம். உளியின் அடியில் சுருண்டு கிடந்த மரச்சீவல் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். லோஷினி அதை இரண்டு விரலால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பிறகு யோசித்தாள்.

“குடுக்கலைன்னா?”

“தானே தேடிக்கும் லா. பசி வந்தா யாருதான் சும்மா இருப்பா?”

எதிரே முக்காலியில் இருந்த அவருடைய நண்பர் மனோகரன் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. கண் அந்தக் கீல்களிலேயே இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

அந்தக் கேள்வி இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு சிட்டிகைச் சாம்பல்.

மதியம் மூன்று மணிக்கு மனோகரன் தன் வீட்டுப் பின்புறப் பட்டறையைத் திறந்தபோது, தகரக் கூரையின் வெக்கையோடு மெழுகும் பசையும் ரப்பர் மரத்தூளும் கலந்த வழக்கமான வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. அணைந்து வெகு நேரம் ஆகாத அடுப்பின் வாசனை. மேசையில் இரண்டு எஞ்சின்கள் அருகருகே நின்றன. இடப்பக்கம் அவருடையது. வலப்பக்கம் திருச்செல்வத்தினுடையது. முந்தின நாள் சாயங்காலம்தான் திருச்செல்வத்தின் மனைவி கஸ்தூரி அதைப் பூப்போட்ட பாத்தேக் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். சுற்றிய துணி இப்போது விலகிக் கிடந்தது. நெருப்புப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே, மேசைப் பலகையில், சாம்பல்.

விபூதியோ என்று விரலால் தொட்டு முகர்ந்தார். விபூதி இல்லை. லேசாகச் சூடு இருந்தது.

பட்டறையில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. ஊதுவத்தி ஏற்றுவதும் இல்லை. மனோகரன் ஈரத்துணியால் அதைத் துடைத்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். துணியை இழுத்துப் போர்த்தினார். துணிக்குள் இருந்தாலும் அந்த எஞ்சின் அவருடையதைவிட அழகாக இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அதுதான் அவருடைய வியாதி. இருபத்தாறு வருடம் இருவரும் தெப்ராவில் ஒரே நாற்காலித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். மாதிரி உருப்படி செய்யும் பிரிவில் மனோகரன் இருந்தார். புது நாற்காலியின் முதல் உருப்படி அவர் கையில்தான் பிறக்கும். திருச்செல்வம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சும்மா இருக்க முடியாமல், மலாயா ரயில்வேயின் பழைய நீராவி எஞ்சின் ஒன்றின் வரைபடத்தை இருவரும் சேர்ந்து அச்செடுத்து, பேட்டரியில் ஓடும்படி ஆளுக்கொன்று மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். திருச்செல்வத்தின் முதல் உளி மனோகரன் கொடுத்தது. முதல் ஆறு மாதம் அவர் செய்ததெல்லாம் அடுப்புக்குத்தான் ஆகும்.

பிறகு எப்படியோ அந்தக் கை திருந்தியது. கொதிகலத்தின் மேல் வரும் ஆணித்தலைகளுக்கு மனோகரன் கடையில் பித்தளை ஊசி வாங்கி அடித்தார். திருச்செல்வம், இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் சாத்தே கடையில் கழுவி வைத்த குச்சிகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொன்றின் நுனியையும் உருட்டிச் செதுக்கி, ஆயிரத்துக்கு மேல் ஆணித்தலை வைத்தார். பார்க்க வந்தவர்கள் முதலில் அவருடைய எஞ்சினைப் பார்த்தார்கள். அப்புறம் திரும்பி மனோகரனுடையதைப் பார்த்து, “இதுவும் நல்லா இருக்கு அண்ணே,” என்றார்கள்.

இந்த ‘இதுவும்’ மனோகரனின் நெஞ்சில் போய்த் தங்கிவிட்டது.

அப்புறம் போன வருட ஆயுத பூசை வந்தது.

எஞ்சினில் கடைசி வேலை பெரிய சக்கரங்கள். பக்கத்துக்கு மூன்று. ஒரே அச்சின் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரங்கள் ஒன்றுபோல நிற்கக் கூடாது. வலது சக்கரம் இடதைவிடக் கால் சுற்று முன்னால் நிற்க வேண்டும். மூன்று அச்சிலும் அந்தக் கால் சுற்று மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் பிசகினாலும், சக்கரங்களை இணைக்கும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ‘டக்’ என்று இடிக்கும். எஞ்சின் நின்றுவிடும்.

திருச்செல்வம் மூன்று மணி நேரம் அளந்து அளந்து, பூசை நாள் காலையில் பசை வைத்தார். பசை காய ஒரு நாள் ஆகும். பத்து மணிக்குக் கருவிகளையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சினையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகு மறுநாள் வரை எதையும் தொட மாட்டார். அவர் கண்டிப்பான மனிதர். மனோகரனையும் அவர் மனைவி யோகேஸ்வரியையும் பூசைக்கு அழைத்திருந்தார். சுண்டல் எடுக்க எல்லோரும் அடுப்படிப் பக்கம் போனபோது, கொட்டகையில் மனோகரன் மட்டும் நின்றார். கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. வலப்பக்கக் கடைசிச் சக்கரத்தில் பசை இன்னும் பளபளவென்று ஈரமாக இருந்தது.

பெருவிரலை வைத்து ஒரு தள்ளு. ஒரு நூல் அளவு. அவ்வளவுதான்.

கருவி எதையும் நான் தொடவில்லை, வெறும் விரல்தானே என்று அன்று வீட்டுக்கு நடக்கும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சாமியிடம் சொல்கிற மாதிரி.

கோயில் மண்டபத்தில் தீபாவளி உபசரிப்பு நடந்தபோது, நூறு பேர் சுற்றி நிற்கத் திருச்செல்வம் தன் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தார். டக். நின்றது. தள்ளினார். டக். அடுத்து மனோகரனுடையது வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை மனோகரன் இரண்டு நாள் மென்றார். மூன்றாம் நாள் அதில் ருசி இல்லை.

அதன் பிறகு திருச்செல்வம் உளியைத் தொடவில்லை. “என் கை போச்சு லா, மனோ,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மே மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்து இறந்தார். இறப்பதற்கு முந்தின நாள் பார்க்கப் போன மனோகரனின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். தன் பெருவிரலால் இவருடைய பெருவிரலை மெதுவாகத் தடவி, “பரவால்ல டா, பரவால்ல,” என்றார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று மனோகரன் நினைத்தார்.

நேற்று எஞ்சினைக் கொண்டுவந்த கஸ்தூரி அதிக நேரம் உட்காரவில்லை.

“அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் சொன்னாரு அண்ணே. ‘இத மனோகிட்டக் குடு. எங்க சிக்குதுன்னு அவனுக்குத்தான் தெரியும்’னு. சனிக்கிழம லோஷினி ஸ்கூல்ல திறந்த நாள். ரெண்டு எஞ்சினையும் வைக்கணும்னு ஹெட்மாஸ்டர் கேட்டிருக்காரு. இவ வேற எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டா, எங்க தாத்தா ரயிலு ஓடும்னு. ஓடுமா அண்ணே?”

“பாக்குறேன் மா.”

“பேட்டரி ரெண்டும் உள்ள இல்ல. டிவி ரிமோட்டுக்கு எடுத்துப் போட்டுட்டேன். நீங்க கோவிச்சுக்காதீங்க.”

ஓட வைக்க மனோகரனுக்கு ஒரு சாயங்காலம் போதும். பசையை இளக்கி, சக்கரத்தை ஒரு நூல் திருப்பினால் முடிந்தது. ஆனால் இரண்டும் ஓடினால் பள்ளிக்கூடமே எதைப் பார்க்கும் என்பதும் தெரியும். செத்துப்போன ஆளிடம்கூடத் தோற்க மனசு வரவில்லை.

புதன்கிழமை காலையில் கைத்தொலைபேசி அவருடைய பெருவிரலை ஏற்கவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை என்றது.

“கையில பசை ஒட்டியிருக்கும். போய்க் கழுவுங்க,” என்றாள் யோகேஸ்வரி.

கழுவினார். அப்போதும் ஏற்கவில்லை. விரல் நுனி மரத்துப்போனது போல இருந்தது. வென்னீர்க் குழாயின் சூடு மற்ற விரல்களுக்குத் தெரிந்தது, அதற்குத் தெரியவில்லை.

மதியம் பட்டறையில் பென்சிலைத் தேடினார். பாதிதான் இருந்தது. முனை கடித்துத் துப்பியதுபோலக் கருகியிருந்தது. மர அளவுகோலில் பன்னிரண்டாவது அங்குலத்தைக் காணவில்லை. பக்கத்தில் எஞ்சின். துணி மறுபடியும் விலகியிருந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவு திறந்திருந்தது. சாம்பல் இன்று ஒரு தேக்கரண்டி இருக்கும்.

“யோகேஸ், பட்டறைக்குள்ள நீ எதாச்சும் கொளுத்துனியா?”

“நான் எதுக்கு உங்க குப்பைக்குள்ள வரேன்? கரையானா இருக்கும். மருந்தடிக்கிற ஆளக் கூப்பிடுங்க.”

“கரையான் சாம்பல் போடுமா?”

“நம்ம வீட்டுக் கரையானுக்கு அதுவும் தெரியும். உங்களோட இத்தன வருசம் இருந்திருக்கே.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர் வேப்பெண்ணெயை எடுத்து மேசையின் நான்கு காலிலும் தடவினார். தடவும்போது மழை தொடங்கியது. தகரத்தில் முதலில் ஒன்றிரண்டாக, பிறகு கொட்டுகிற சத்தமாக, பிறகு வேறு எந்தச் சத்தமும் கேட்காத ஒரே இரைச்சலாக. அந்த இரைச்சலுக்குள் அவருக்கு ஒன்று கேட்டது. துணிக்குள்ளிருந்து. தூங்குகிறவர் மூக்கால் விடுகிற மூச்சு மாதிரி. ஃப்பூ. நிறுத்தம். ஃப்பூ.

மழை விட்டதும் அதுவும் நின்றது. கெம்பாஸ் பக்கம் மின்சார ரயில் போகிற சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மின்சார ரயில் மூச்சு விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் கஸ்தூரி வந்தாள். ஒரு டப்பாவில் உளுந்து வடை. லோஷினி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதில் உயரமாகிவிட்டாள். தாத்தாவின் அதே நேரான பார்வை.

மனோகரன் முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருந்த பொய்யைச் சொன்னார். “ஆகாது மா. அச்சே கோணிப்போச்சு. பிரிச்சா மொத்தமும் உடைஞ்சிடும். அவன் கை அந்த நேரத்துல…”

 

கஸ்தூரி தலையை ஆட்டினாள். “சரிண்ணே. நீங்களே சொன்னா அப்புறம் யாரு என்ன செய்ய முடியும். உங்களுதாவது ஓடட்டும். இவ பக்கத்துல நின்னு அதப் பத்தியே சொல்லட்டும். ரெண்டும் ஒரே படத்தப் பாத்துச் செஞ்சதுதானே.” வடை டப்பாவை நீட்டினாள். “அவருக்குப் பிடிக்கும்னு வியாழக்கிழம போடுவேன். கை பழகிடுச்சு. நிறுத்த முடியல. நீங்க சாப்பிடுங்க.”

“மனோ தாத்தா,” என்றாள் லோஷினி, “அதுக்கு யாராச்சும் விறகு போட்டாங்களா?”

 வாங்கிய வடை கையில் சூடாக இருந்தது. பெருவிரலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு யோகேஸ்வரி கோயிலுக்குக் கிளம்பினாள். கஸ்தூரியும் லோஷினியும் அவளோடு போனார்கள். அபிஷேகம் முடிந்து வர எட்டாகும். மனோகரன் தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டார். நாளைய திறந்த நாளுக்காகத் தன் எஞ்சினுக்கு மெழுகு போட வேண்டியிருந்தது. அவர்கள் கார் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் வானம் கறுத்து, பெரிய பெரிய துளிகளாகப் போட ஆரம்பித்தது.

பட்டறைக் கதவைத் திறந்தார்.

புகை வாசனை முகத்தில் அடித்தது. ரப்பர் மரம் எரிந்த புளித்த வாசனை. விளக்கைப் போட்டார். இடப்பக்கம் அவருடைய எஞ்சின் நின்ற இடத்தைப் பார்த்தார். முதலில் வேறு எதையோ பார்க்கிறோம் என்று நினைத்தார்.

ஓட்டுநர் அறை இல்லை. கொதிகலத்தின் முன் பாதி இல்லை. புகைபோக்கி இல்லை. மிச்சம் இருந்ததன் விளிம்புகள் எல்லாம் வளைவு வளைவாக இருந்தன. சின்னச் சின்ன வளைவு. வாய் வைத்த மாதிரி. பித்தளை ஊசிகள் மட்டும் பலகையில் கொட்டிக் கிடந்தன. தின்ன முடியாததைத் துப்பிய மாதிரி.

மூன்று வருட வேலை. அதன் அடியில் ஒரு கோடு. சாம்பல் கோடு. அது இடப்பக்கத்திலிருந்து கிளம்பி வலப்பக்க எஞ்சின் வரை நேராகப் போனது. கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு கோடு, தண்டவாளம் போல.

துணியை எடுத்தார். திருச்செல்வத்தின் எஞ்சின் பளபளவென்று இருந்தது. புதிதாக எண்ணெய் தடவியதுபோல. கை வைத்தார். உள்ளங்கைக்குச் சூடு தெரிந்தது. குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு மாதிரிச் சூடு.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் அதைவிட வேறு ஒன்று அவரை நிறுத்தியது. இவ்வளவு நடந்தும், அந்த ஆணித்தலைகளைப் பார்க்கும்போது வயிற்றில் அதே எரிச்சல் எழுந்தது. அதை உணர்ந்ததும் அவருக்குத் தன் மேலேயே பயம் வந்தது. எஞ்சினின் மேல் இருந்ததைவிட அதிகப் பயம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்தார். வலப்பக்கக் கடைசிச் சக்கரம். அதன் நடுவில் பசை காய்ந்து தேன்போல இறுகியிருந்தது. விளக்கைக் கிட்டே இழுத்தார்.

பசையில் ஒரு ரேகை.

பெருவிரல் ரேகை. சுழி, அதன் குறுக்கே ஒரு வெட்டு. பதினெட்டு வயதில் மரம் அறுக்கும் வாள் பட்டு விழுந்த தழும்பு. அவருடைய தழும்பு. கல்லில் செதுக்கியதுபோல அவ்வளவு தெளிவாக.

தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். அதில் தழும்பு இல்லை. சுழி இல்லை. ஒன்றுமே இல்லை. வழவழப்பு.

மழை வலுத்தது. அவர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார். ஏழு மாதம் இந்த எஞ்சினை மடியில் வைத்து, எங்கே சிக்குகிறது என்று தேடியவன் இந்தக் கண்ணாடியைப் பிடிக்காமலா இருந்திருப்பான்? முதல் வாரத்திலேயே பார்த்திருப்பான். பார்த்துவிட்டுத்தான் தன் கை போச்சு என்று ஊருக்குச் சொன்னான். பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வடையில் பாதியை இவருக்கு அனுப்பினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரலைத் தடவிப் பரவாயில்லை என்றது மருந்து இல்லை.

‘அவனுக்குத்தான் தெரியும். அவனிடம் கொடு’ என்று கஸ்தூரியிடம் சொன்னதும் அதனால்தான்.

“டேய்,” என்றார் மனோகரன் காலி இடத்தைப் பார்த்து. “திட்டியிருக்கலாம் லா.”

ஃப்பூ, என்றது எஞ்சின்.

வேலையைத் தொடங்கினார். உளிகளை விரித்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கும்பிட்டார். ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கிச் சக்கரத்தின் நடுவில் வைத்தார். பசை இளகியது. ரேகை உருகி, வழிந்து, மறைந்தது. சக்கரத்தை மெல்ல இழுத்தார். வரும்போது அது இரண்டாகப் பிளந்துவிட்டது.

அதே அளவில், அதே வரைபடத்தில் செய்த இன்னொரு சக்கரம் இந்த உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தன் எஞ்சினில் மிஞ்சியிருந்த கடைசிப் பகுதியைத் திருப்பினார். பெரிய சக்கரங்களில் ஒன்றுதான் முழுதாக இருந்தது. வலப்பக்கக் கடைசிச் சக்கரம். மற்றதையெல்லாம் தின்றது அதை மட்டும் தொடவில்லை. அவருக்காக விட்டு வைத்ததா? அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

கழற்றினார். பொருத்தினார். கால் சுற்று. அளந்தார். மறுபடி அளந்தார். தன் வேலைக்கு ஒருநாளும் காட்டாத பொறுமையோடு மூன்றாம் தடவை அளந்தார். சீக்கிரம் பிடிக்கும் பசையில் ஒரு சொட்டு வைத்து, சக்கரத்தைத் துணியால் மட்டும் பிடித்துக்கொண்டு இருநூறு வரை எண்ணினார்.

கையை எடுத்தார்.

சக்கரங்கள் திரும்பின.

அவர் தள்ளவில்லை. பேட்டரி இல்லை. தண்டு மேலே போனது. கீழே வந்தது. சிக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. எஞ்சின் மேசையில் ஒரு சாண் தூரம் முன்னால் வந்து, அவருடைய வலது கைக்கு எதிரே நின்றது.

நெருப்புப் பெட்டிக் கதவு திறந்தது.

உள்ளே கறுப்பு. அதன் ஆழத்தில் எங்கோ சிவப்பு.

அவருடைய எஞ்சினின் மிச்சத்தை எடுத்து அதன் முன்னால் வைத்தார். ஒரு அசைவும் இல்லை. அதைத் தள்ளி வைத்தார். அது கேட்பது அது இல்லை என்பது தெரிந்துவிட்டது.

“இரு,” என்றார். “முதல்ல உன்ன வீட்டுல சேக்குறேன்.”

துணியில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான்கு வீடு தள்ளி. தெரு முழுக்கத் தண்ணீர். பக்கத்துத் தொழுகைக்கூடமான சூராவில் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. வழியில் ஒருவரும் இல்லை. கோட்டுக்குள் சூடு. மூச்சு. அவருடைய மூச்சும் அதனுடையதும் ஒன்றாக.

கஸ்தூரி வீட்டுப் படலைத் திறக்கப் பெருவிரலைக் கொக்கியில் வைத்தார்.

டக்.

இரும்பில் மரம் பட்ட சத்தம்.

அவர் நின்றார். கொஞ்ச நேரம் கையைப் பார்க்கவில்லை. முன்கொட்டகைக்குள் போய், திருச்செல்வம் வழக்கமாக உட்காரும் மேசையில், லோஷினி காலையில் எழுந்ததும் கண்ணில் படுகிற பக்கமாக எஞ்சினை வைத்தார். பாக்கெட்டிலிருந்து இரண்டு புது பேட்டரிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொட்டகையில் கிடந்த திருச்செல்வத்தின் பென்சிலால் ஒரு தாளில் எழுதினார்: ‘அச்சு கோணவில்லை. திருச்செல்வத்தின் கையில் ஒரு பிழையும் இல்லை.’ தன் பெயரைப் போடவில்லை.

பிறகு கொட்டகை விளக்கின் கீழ் கையைத் திருப்பினார்.

பெருவிரல் வெளிர் மஞ்சளாக இருந்தது. நகம் இருந்த இடத்தில் பட்டை. நுனியில், வெட்டிய கிளையில் இருப்பதுபோல, வட்டத்துக்குள் வட்டம். முகர்ந்தார். ரப்பர் மரம். வலி இல்லை. மரம் முதல் கணு வரை வந்திருந்தது. மணிக்கட்டில் தோலுக்கு அடியில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கியிருந்தன.

துணிக்குள் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. தபால்தலை அளவுக் கதவு. அது பசியோடு திறந்தே கிடந்தால், நாளைக் காலையில் முதலில் தேடி வரப்போவது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு சீவலை உள்ளே தள்ள, பக்கத்தில் குனியப்போகிற எட்டு வயது விரல்கள்.

மேசையில் கிடந்த உளியை எடுத்தார். முதல் உளி. அவர் கொடுத்தது. பெருவிரலின் ஓரத்தில் வைத்து மெல்லத் தள்ளினார். சுத்தமாகச் சுருண்டு ஒரு சீவல் வந்தது. துணியை விலக்கி அதைக் கதவுக்குள் வைத்தார். உள்ளே சிவப்பு ஒருமுறை மலர்ந்து அடங்கியது. மூச்சு சீரானது.

கதவு மூடவில்லை.

அபிஷேகம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மனோகரன் திருச்செல்வத்தின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உளியை மறுபடி வைத்தார். இரண்டாவது சீவல் முதல் சீவலைவிட நீளமாக வந்தது.